வாரியத்தின் வலது தோள்

மகள் பிசியோதெரபி பட்டம் வாங்கிய இருபத்தாறாவது நாளில் அம்மாவின் வலது கையிலிருந்து கட்டைப் பிரித்தார்கள்.

அம்மா பள்ளிச் சீருடை தைக்கிறவள். மேல் தட்டிலிருந்து துணிக்கட்டை எடுக்க முக்காலியில் ஏறியவள், துணிக்கட்டோடு சேர்ந்து கீழே வந்தாள். தோளுக்குச் சற்றுக் கீழே எலும்பில் விரிசல். ஐந்து வாரம் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டது. ஆனால் கை, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்ததும், யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் நின்றுவிட்டது.

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இனிமே தோளை அசைச்சாகணும். வேலை தெரிஞ்சவங்க யாராவது தினமும் கையைப் பிடிச்சு, மெல்ல மெல்லத் தூக்கி விடணும். நாலு மாசம் சும்மா விட்டீங்கன்னா இப்படியே இறுகிப் போயிடும்."

"வெளியில எதுக்கு டாக்டர் தேடணும்? இதோ நிக்கிறாளே, இதுக்குன்னே நாலரை வருஷம் படிச்சவ" என்றாள் அம்மா.

டாக்டர் மகளைப் பார்த்தார். "உரிமம் வந்துடுச்சா?"

"விண்ணப்பிக்கப் போறேன் டாக்டர்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த சீட்டைச் சற்றே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பொது ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு வரிசை எண் கிடைத்தது. அந்த ஊரில் உரிமம் பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் மொத்தம் பதினொரு பேர். அவர்களில் நான்கு பேர் உரிம வாரியத்திலேயே தேர்வாளர்களாக இருந்ததால், நோயாளிகளைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இல்லை. ஆகவே அம்மாவின் முறை வர ஏழு மாதம் ஆகும் என்று சொன்னார்கள்.

"தோள் இறுகுறதுக்கு நாலு மாசம். முறை வர்றதுக்கு ஏழு மாசம்" என்று திரும்பி வரும் வழியில் கணக்குப் போட்டாள் அம்மா. "நடுவுல மூணு மாசம் இறுகின தோளை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது? வேடிக்கை பாக்கவா?"

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டினாள். "ம். தூக்கு."

மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"முடியாதும்மா. உரிமம் இல்லாம யாரோட மூட்டையும் அசைக்கக் கூடாது. சட்டம்."

"நான் யாரோவாடி?"

"சட்டத்துல அம்மான்னு தனியா ஒண்ணும் போடல."

அவளுக்கு இரண்டு வருடம் மூத்த மாணவி ஒருத்தி, பூங்காவில் நடக்கும்போது கணவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று குனிந்து நீவி விட்டாள். அவளை ஐந்து வருடம் தடை செய்தார்கள். விசாரணையில் கணவனே சாட்சி சொன்னான். நீவியதும் சரியாகிவிட்டதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றான். அதுதான் அவளுக்கு எதிரான முக்கியச் சான்றாக அமைந்தது.

உரிம வாரியம் நான்கு மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலிக்காரர்கள் கொடுக்கும் புகார்களை நான்காம் மாடியில் வாங்கினார்கள். புகார்கள் வருவதே இல்லை என்பது வாரியத்தின் ஆண்டறிக்கையில் ஒவ்வொரு வருடமும் முதல் பக்கத்தில் இடம்பெறும் செய்தி.

பதிவாளர் இரண்டாம் மாடியில் இருந்தார். எதையும் அவசரமாகச் சொல்லாத, சுத்தமான நகங்கள் உள்ள மனிதர். விண்ணப்பப் படிவம் முப்பத்திரண்டு பக்கம். பத்தொன்பதாம் பக்கத்தில் மகள் நின்றுவிட்டாள்.

"சார், இதுல குடும்ப உறுப்பினர்களோட மூட்டு விவரம்னு இருக்கு."

"ஆமா. வீட்ல யாருக்கு எந்த மூட்டு எவ்வளவு அசையுதுன்னு இன்னைய தேதிக்கு எழுதிக் கொடுத்துடணும். நடுவுல எங்க ஆய்வாளர் சொல்லாம கொள்ளாம வீட்டுக்கு வருவார். அளந்து பார்ப்பார். ஏதாவது மூட்டு முன்னேறியிருந்தா நீங்க தொட்டிருக்கீங்கன்னு அர்த்தம்."

"தானா சரியாகியிருந்தா?"

பதிவாளர் அவளைப் பரிவோடு பார்த்தார். "தானா சரியாகும்னா நாம எல்லாம் எதுக்கும்மா இருக்கோம்?"

அவள் பொய் எழுதிப் பழகாதவள். அம்மா, வலது தோள், அறுபது டிகிரி என்று எழுதினாள். கீழே வேறு யாரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அந்தக் கையெழுத்தோடு அம்மாவின் தோள் வாரியத்தின் கோப்புக்குள் போய்விட்டது.

"இதோட முந்நூறு மணி நேரம் தொட்ட அனுபவத்துக்குச் சான்றிதழ் வேணும்" என்றார் பதிவாளர்.

"உரிமம் இல்லாம தொடக் கூடாதே சார்?"

"கூடவே கூடாது."

"தொடாம அனுபவம் எப்படி சார் வரும்?"

"எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க" என்றார் பதிவாளர், முதல் முறையாகச் சற்று உற்சாகத்தோடு. "அதுக்குத்தான் காற்றுப் பயிற்சி."

காற்றுப் பயிற்சி மூன்றாம் மாடிக் கூடத்தில் காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. நாற்பது பட்டதாரிகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு காலி முக்காலி. மேற்பார்வையாளர் விசில் ஊதியதும், முக்காலியில் இல்லாத நோயாளியின் இல்லாத கையை நாற்பது பேரும் பிடித்து மெல்லத் தூக்கினார்கள். மறு விசிலுக்கு இறக்கினார்கள். மேற்பார்வையாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தார்.

"ஏம்மா, அவ்வளவு முரட்டுத்தனமா பிடிக்கிற? நோயாளி முகத்தைப் பாரு. வலியில துடிக்கிறார்."

மகள் காலி முக்காலியைப் பார்த்தாள். "மன்னிச்சுக்குங்க சார்."

"எங்கிட்ட ஏன் சொல்ற? அவர்கிட்ட சொல்லு."

மகள் முக்காலியிடம் மன்னிப்புக் கேட்டாள். மேற்பார்வையாளர் ஏட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். மூன்றாவது வரிசையில் ஒருவனை அன்றே வெளியேற்றினார்கள். அவனுடைய நோயாளி கீழே விழுந்துவிட்டாராம்.

பக்கத்து முக்காலியில் பயிற்சி செய்தவளுக்கு வயது நாற்பத்தொன்று. இது அவளுக்கு எட்டாவது முயற்சி. எல்லோரும் அவளை எட்டாம் தடவை அக்கா என்று கூப்பிட்டார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்தாள்.

"எதுல அக்கா போச்சு?" என்று கேட்டாள் மகள்.

"ஒரு தடவை எழுத்துத் தேர்வுல. வாரியத்து முத்திரையில எத்தன இலைன்னு கேட்டான். ஆறுன்னு எழுதினேன். அஞ்சு இலை, ஒரு மொட்டு. மீதி ஆறு தடவையும் செய்முறையில. அங்க ஒரு ஆள் உக்காந்திருப்பாரு, வாரிய நோயாளி. அது பதவி. பத்தொன்பது வருஷமா அதே வலது தோள், அதே அறுபது டிகிரி. விடைத்தாள்ல அறுபதுன்னு அச்சடிச்சே வச்சிருக்கான். நான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நல்லாப் பண்ணுவோமேன்னு ஆசைப்பட்டு அறுபத்தஞ்சுக்குக் கொண்டு போயிடுவேன். விடை தப்பாயிடும்."

"அப்ப என்ன பண்ணணும்?"

"பிடிக்கணும். தூக்குற மாதிரி இருக்கணும். தூக்கக் கூடாது. ஆளைப் பாக்காத. விடைத்தாளைப் பாரு." எட்டாம் தடவை அக்கா விசில் சத்தத்துக்குக் காற்றைத் தூக்கினாள். "சொல்றது சுலபம். கை கேக்க மாட்டேங்குது."

மாலையில் வீட்டுக்குப் போனால் அம்மா இடது கையால் கத்தரி பிடித்துக்கொண்டிருப்பாள். வெட்டிய துணி எலி கடித்ததுபோல் இருக்கும். இரண்டு பள்ளிக்கூடங்கள் வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டன.

"இன்னைக்கு எத்தன பேருக்குத் தூக்கின?" என்பாள் அம்மா.

"எட்டு மணி நேரம்மா."

"யாருக்கு?"

மகள் கை கழுவப் போய்விடுவாள்.

"காத்துக்குக் கை வலின்னா எட்டு மணி நேரம் பாக்குற. பெத்தவளுக்கு எட்டு நிமிஷம் இல்ல. அந்தக் காத்துதான் உன்னைப் பெத்துப் போட்டுச்சா?"

ஒருநாள் பொறுக்காமல் மகள், தானே செய்துகொள்ளும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தாள். சுவரில் விரல்களை வைத்துச் சிலந்திபோல் மேலே ஏற்று என்றாள். அம்மா நான்கு நாள் ஏற்றினாள். ஐந்தாம் நாள் ஆய்வாளர் வந்தார். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி, கோணம் அளக்கும் கருவியை விரித்தார்.

"அறுபத்திரண்டு" என்றார். முகம் இருண்டது. "ரெண்டு டிகிரி எங்கேயிருந்து வந்துச்சு?"

"புழுக்கமா இருக்குல்ல, இளகியிருக்கும்" என்றாள் அம்மா.

ஆய்வாளர் அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார். மறுமுறை வரும்போது தோள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அம்மா சுவரைத் தொடுவதை நிறுத்தினாள். தோள் மிகவும் கீழ்ப்படிதலோடு அறுபதுக்கே திரும்பியது.

நாலாவது மாதத்தின் கடைசி வாரத்தில் செய்முறைத் தேர்வு வந்தது.

அறையில் மூன்று தேர்வாளர்கள். நடுவே முக்காலியில் வாரிய நோயாளி. ஐம்பது வயது தாண்டியவர். சட்டைப்பையில் அடையாள அட்டை குத்தியிருந்தார். அன்றைக்கு அவர் ஏற்கெனவே முப்பது பேரைப் பார்த்து முடித்திருந்தார். அல்லது முப்பது பேர் அவரைப் பார்த்து முடித்திருந்தார்கள்.

"வாசலிலிருந்து நோயாளி வரைக்கும் எத்தன அடி எடுத்து வச்சீங்க?" என்றார் தலைமைத் தேர்வாளர்.

"ஏழு சார்."

"நல்லது. நோயாளி அழுதா முதல்ல என்ன செய்வீங்க?"

எட்டாம் தடவை அக்கா சொல்லிக் கொடுத்திருந்தாள். "பதினாலாம் படிவம் எடுப்பேன் சார்."

"ரெண்டு பிரதி?"

"மூணு சார்."

தேர்வாளர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். "ஆரம்பிக்கலாம்."

மகள் அந்தக் கையைப் பிடித்தாள். நாலரை வருடப் படிப்பு, முந்நூறு மணி நேரக் காற்று, எல்லாம் முடிந்து அவள் உள்ளங்கையில் முதல் முறையாக ஒரு மனிதனின் முழங்கை வந்து உட்கார்ந்தது. அது சூடாக இருந்தது. காற்றுக்கு எடை இல்லை. இதற்கு எடை இருந்தது. தூக்கக் கூடாது, தூக்குவதுபோல் இருக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவளுடைய மற்றொரு கை தானாகவே தோள் எலும்புக்குப் பின்னால் போய், இறுகிய இடத்தைத் தேடி, மெல்ல அமுக்கிப் பிடித்தது. நான்கு மாதமாக வீட்டில் முதுகுக்குப் பின்னால் கட்டி வைத்திருந்த கை அது.

வாரிய நோயாளி ஒரு பெருமூச்சு விட்டார். தலை சற்றுச் சாய்ந்தது. கண்கள் மூடின.

கை எழுபதைத் தாண்டியது. தொண்ணூறைத் தாண்டியது. அறையில் ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது. நூற்றைம்பதில் கை காதோரம் போய் நின்றபோது தலைமைத் தேர்வாளரின் பேனா கீழே விழுந்து உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை.

"என்னம்மா பண்ணிட்ட!" என்றார் இரண்டாம் தேர்வாளர்.

அந்தச் சத்தத்தில் வாரிய நோயாளி விழித்தார். தன் கை இருக்கும் இடத்தைப் பார்த்தார். சடாரென்று அறுபதுக்கு இறக்கினார். ஆனால் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

மறுநாளே விசாரணை. பெரிய மேசைக்கு அந்தப் பக்கம் வாரியத் தலைவர், இந்தப் பக்கம் மகள். பதிவாளர் ஓரமாக நின்றார். தலைவர் எழுந்து பேசினார். உட்கார்ந்து பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

"பத்தொன்பது வருஷம். நாலாயிரம் விண்ணப்பதாரர்கள் அந்தத் தோளைத் தொட்டிருக்காங்க. நாலாயிரம் பேர் தொட்டும் அது ஒரு டிகிரி முன்னேறல. அதுதாம்மா தரம். அந்தத் தரத்தை வச்சுத்தான் உரிமம் கொடுத்தோம். இந்த ஊர்ல இருக்கிற பதினொரு பேரும் அந்தத் தோளை அசைக்காம வந்தவங்கதான். என்னையும் சேர்த்து." அவர் நெஞ்சில் கை வைத்தார். "நீங்க ஒருத்தர் வந்து அஞ்சு நிமிஷத்துல அத்தனையையும் கெடுத்துட்டீங்க. இனிமே அடுத்தவனை எதை வச்சு அளப்போம்? ஒவ்வொருத்தனும் குணப்படுத்திட்டுப் போனா, யாருக்குத் தகுதி இருக்குன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"சார், நான் தேர்வுல தோத்துட்டேனா?" என்றாள் மகள்.

தலைவர் பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் கோப்பைத் திறந்தார். "அதுலதான் சிக்கல். நடந்த அடி சரி. படிவம் சரி. பிடிமானத்துக்கு முழு மதிப்பெண். கடைசியில அவர் இறக்கி வச்ச கோணமும் அறுபது, விடைத்தாளோட ஒத்துப்போகுது. தேர்ச்சிதான். ஆனா வாரியப் பொருளுக்குச் சேதம் விளைவிச்சிருக்காங்க. தோள், வலது, ஒன்று. விதிப்படி, சேதப்படுத்தினவர் அதே மாதிரி, அதே நிலையில இருக்கிற இன்னொண்ணைக் கொண்டுவந்து கொடுத்தா உரிமம் தரலாம். இல்லேன்னா ஆயுள் தடை."

"அதே மாதிரி தோளுக்கு நான் எங்க சார் போவேன்?"

பதிவாளர் கோப்பில் பத்தொன்பதாம் பக்கத்தைத் திருப்பி அவள் பக்கமாக வைத்தார். விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். சுத்தமான நகம்.

வெளியே நடைபாதை பெஞ்சில் வாரிய நோயாளி உட்கார்ந்திருந்தார். அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். சட்டைப்பையில் ஊசி குத்திய இரண்டு துளைகள் மட்டும் இருந்தன. நல்ல உடல்நிலை காரணமாகப் பணி நீக்கம் என்று கையில் கடிதம்.

"என்னாலதான் ஐயா" என்றாள் மகள், பக்கத்தில் உட்கார்ந்து.

"அட, நீ ஒண்ணும் குணப்படுத்தலம்மா." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அது சரியாகி எட்டு வருஷம் இருக்கும். ஒரு பொண்ணு, இப்ப எட்டாம் தடவை எழுதுதே, அது முதல் தடவை வந்தப்ப கொஞ்சம் அசைச்சு விட்டுச்சு. அதுக்கப்புறம் நானே வீட்ல கதவைச் சாத்திக்கிட்டு மிச்சத்தைச் சரிபண்ணிக்கிட்டேன். வேலை போயிடும்னு வெளியில காட்டல. எட்டு வருஷமா அறுபதுல பிடிச்சு வச்சிருந்தேன். தேர்வு அன்னைக்கு அந்தப் பொண்ணு அஞ்சு டிகிரி கேட்டா மட்டும் கொடுத்துடுவேன், பாவம்னு."

"அதனாலதான் அவங்க தோத்தாங்க."

"அப்படியா?" அவர் உண்மையாகவே திகைத்தார். கையிலிருந்த கடிதத்தை மடித்தார். பிறகு சொன்னார்: "நேத்து உன் கை பட்டதும் தூங்கிட்டேன். என் தப்புதான். பத்தொன்பது வருஷத்துல எத்தனையோ கை. ஒண்ணும் கையாவே தெரியல."

எழுந்து, பழக்க தோஷத்தில் வலது கையை உடம்போடு ஒட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டாள்.

"நான் அங்க உக்காந்தா உனக்கு உரிமம் தருவாங்களா?"

"தருவாங்க. ஆனா வேணாம்மா. பத்து வருஷத்துக்கு உறுதிமொழி எழுதி வாங்குவாங்க. நடுவுல நீ விலகினாலோ, தோள் சரியானாலோ, என் உரிமம் ரத்து. நான் வேற வேலை பாத்துக்கறேன்."

"என்ன வேலை? காத்துக்குக் கை தூக்கி விடுற வேலையா?" அம்மா இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள், தூங்கும் குழந்தையை இடம் மாற்றுவதுபோல. "நான் இங்க உக்காந்திருக்கறதும் ஒண்ணுதான், அங்க உக்காந்திருக்கறதும் ஒண்ணுதான். கை எப்படியும் மேல போகப் போறதில்ல. நீயாவது போ."

"அம்மா..."

"நாலரை வருஷம் ராத்திரி பகலா எலும்பு எலும்பா மனப்பாடம் பண்ணினது எனக்குத் தெரியாதா? கிளம்பு. எங்க கையெழுத்துப் போடணும்? இடது கையில போட்டா ஒத்துக்குவானா?"

ஒத்துக்கொண்டார்கள். மூன்று தேர்வாளர்களும் மூன்று கருவிகளால் மூன்று முறை அளந்தார்கள். அறுபது. தலைவர் கண் கலங்கினார். "இயற்கையா அமைஞ்ச தோள்" என்றார். அம்மாவின் சட்டையில் அடையாள அட்டையைக் குத்தினார்கள்.

உரிமம் அதே பிற்பகலில் வந்தது. தடித்த தாள். ஐந்து இலை, ஒரு மொட்டு. அதோடு ஒரு பணி ஆணையும் இருந்தது. புதிதாக உரிமம் பெறுகிறவர்கள் முதல் ஆண்டு வாரியத்திலேயே பணியாற்ற வேண்டும். மகளுக்குக் கொடுத்த பதவி: தோள் பராமரிப்பாளர். வாரிய நோயாளியின் மூட்டைத் தினமும் காலையில் அளந்து, அது முன்னேறாமல் பார்த்துக்கொண்டு, பதிவேட்டில் எழுதி ஒப்பமிட வேண்டும்.

ஆக, மகள் அம்மாவைத் தொடலாம் என்று சட்டம் அனுமதித்தது. குணப்படுத்தாமல் இருப்பதற்காக.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகள் ஜன்னல்களைச் சாத்தினாள். திரையை இழுத்துவிட்டாள். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் நகர்த்தினாள்.

"என்னடி பண்ற?"

"கையைக் கொடும்மா."

"ஏய், ரத்தாயிடும்னு சொன்னியே."

"சரியானா ரத்தாகாது. சரியானது தெரிஞ்சாத்தான் ரத்தாகும்."

அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையைக் கொடுத்தாள்.

டாக்டர் சொன்ன கெடு முடிந்து போயிருந்தது. தோள் பூட்டிய கதவாக இருந்தது. முதல் மாதம் ஐந்து டிகிரிகூடத் தரவில்லை. அம்மா தலையணையைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்கினாள். கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மூன்றாம் மாதம் கை தோள் மட்டத்துக்கு வந்தது. ஐந்தாம் மாதம் அம்மா தன் தலையைத் தானே சீவினாள். சீவி முடித்ததும் கண்ணாடி முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு முடியைக் கலைத்துவிட்டு, ஒற்றைக் கையால் வாரியதுபோல் கோணலாகக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அறுபதில் கையை நிறுத்துவது லேசான காரியம் இல்லை. அதற்கும் பயிற்சி தேவைப்பட்டது. மகள் கையைத் தூக்குவாள். அறுபது வந்ததும் அம்மா பிடித்து நிறுத்தி முகத்தைச் சுளிக்க வேண்டும்.

"முகம் சீக்கிரம் சுளிக்குதும்மா. ஐம்பத்தஞ்சுலயே சுளிச்சுட்ட."

"சரிதான். உன் சித்தி கல்யாணத்துல நான் சிரிச்ச மாதிரி வச்சுக்கட்டுமா?"

"அது போதும்."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பழைய தையல் மிஷினைச் சமையலறைக்குள் இழுத்துப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அம்மா கொஞ்சம் கொஞ்சம் தைத்தாள். தைத்ததை யாருக்கும் கொடுக்க முடியாது. யார் தைத்தது என்று கேட்பார்கள். தைத்துவிட்டுப் பிரித்தாள். மறுநாள் அதே துணியை மறுபடி தைத்தாள்.

வாரியத்தில் மகளுக்கு நல்ல பெயர். எட்டாம் தடவை அக்கா, ஒன்பதாம் முயற்சியில், அம்மாவின் கையைப் பிடித்துத் தேறினாள். அம்மா அரை டிகிரிகூட விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே வந்த அக்கா மகளைக் கட்டிக்கொண்டு, "கல்லு மாதிரி இருந்துச்சு உங்கம்மா தோள். நல்லவேளை" என்று சொல்லிவிட்டு, ஏதோ யோசித்தவளாக மெதுவாகக் கையை விட்டாள்.

பத்தாம் மாதத்தில் ஒரு மழைநாள். பிற்பகல் தேர்வுகள் சீக்கிரம் முடிந்துவிட்டதால் அம்மாவை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மகளுக்குப் பணி நேரம் முடியவில்லை. அவள் இரண்டாம் மாடி ஜன்னல் ஓரத்தில் பதிவேட்டை வைத்துக்கொண்டு நின்றாள். பதிவாளர் தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

கீழே எதிர்ப்புற பஸ் நிறுத்தத்தில் அம்மா நின்றிருந்தாள். இடது கையில் குடை. காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. வலது கை சும்மா இருந்தது. போன வாரம்தான் மகள் அதை வீட்டில் அளந்தாள். நூற்று எழுபது.

பஸ் வளைவில் திரும்பியது. கை காட்டினால்தான் நிற்கும். அம்மாவின் வலது கை எழுந்தது. எழுந்து, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் நின்றது. மழையில் ஓட்டுநருக்கு அது தெரியவில்லை. பஸ் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனது.

"பாத்தீங்களா" என்றார் பதிவாளர், நெகிழ்ந்துபோய். "பஸ் போனாலும் கோணம் போகல. முன்னாடி இருந்தவரெல்லாம் இவங்க கால் தூசுக்கு ஆக மாட்டார். தலைவர்கிட்ட சொல்லியிருக்கேன். பத்து வருஷம்ங்கறதை இருபதா ஆக்கிடலாம்னு இருக்கார். உங்களுக்கும் பணி நீட்டிப்பு. சந்தோஷம்தானே?"

"சந்தோஷம் சார்" என்றாள் மகள்.

இரண்டாவது பஸ் வந்தது. கை மறுபடி எழுந்து, அதே இடத்தில் நின்றது. அதுவும் நிற்காமல் போனது. மூன்றாவது பஸ்ஸுக்கு அம்மா கையை எடுக்கவே இல்லை. குடையை மடக்கிவிட்டு, நனைந்துகொண்டே வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். வேகமாகத்தான் நடந்தாள். தெருக்கோடி வரைக்கும், ஜன்னலிலிருந்து யாருக்கும் தெரியாத தூரம் வரைக்கும், இடது கை மட்டும் வீசிக்கொண்டு போனது. வலது கை ஆடவே இல்லை.

மகள் பதிவேட்டைத் திறந்து, தேதி போட்டு, அறுபது என்று எழுதினாள். அது பொய்யா என்று அவளுக்கு இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.